நீல டிக் விளக்கம்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் குறுஞ்செய்தி அறம் பற்றிய ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கைப்பேசி வந்த பிறகு செய்தி அனுப்புவதில் ஓர் ஒழுங்கும் இல்லாமல் போய்விட்டது என்று பெரியவர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். இவ்வாய்வு அதை மறுக்கிறது. ஒழுங்கு உண்டு. அது மொய் நோட்டின் ஒழுங்கு: வந்தது எழுதப்படும், திரும்பச் செய்யப்படும், செய்யாதவர் பெயர் பத்து வருஷம் கழித்தும் எடுத்துப் படிக்கப்படும். இதை எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களில் நூற்பாக்களோடு நிறுவுவதே நோக்கம். நூற்பாக்கள் ஆய்வாளரே இயற்றியவை. உரை எழுத வேறு யாரும் முன்வராததால் உரையும் அவருடையதே.

ஆய்வெல்லையும் முறையும்

புதுச்சேரிப் பகுதியில் கொம்யூன் பஞ்சாயத்துகள் ஐந்து: அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு. இவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. செய்தியைப் பெற்றவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்குப் பாகூரில் 9ஆம் நூற்றாண்டுச் சான்று இருக்கிறது. பலர் கூடி எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பதற்கு வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் 1954ஆம் ஆண்டுச் சான்று இருக்கிறது. இரண்டும் உரிய இடத்தில் வரும்.

இன்னொரு காரணம், இவ்வூர்களின் வாழ்த்துச் சுமை. வில்லியனூரில் திருக்காமீசுவரருக்கு வைகாசித் தேர், மாதா கோயிலுக்குக் கொடியேற்றம், பக்கத்துச் சுல்தான்பேட்டையில் ரம்ஜான். மூன்றுக்கும் எல்லாரும் எல்லாருக்கும் வாழ்த்து அனுப்பியாக வேண்டும். அடுத்த கடலூர் மாவட்டத்துக்காரருக்கு ஆகஸ்ட் 15 அன்று ஒரு கொடி அனுப்பினால் கடமை தீர்ந்தது. பாகூர்க்காரருக்கு மறுநாள் 16ஆம் தேதியும் இருக்கிறது. 1962இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள். அது முடிந்தால் நவம்பர் 1. 1954இல் பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் விலகிய நாள். ஒரே சுதந்திரத்துக்கு மூன்று வாழ்த்து அனுப்பும் ஊர் நாட்டில் அதிகம் இருக்காது.

தரவுகள் டவுன் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரின் திரையிலிருந்து திரட்டப்பட்டன. அதே நேரத்தில் அவர் ஆய்வாளரின் திரையை ஆய்ந்துகொண்டிருந்ததால் அறப்பிழை நேராகிவிட்டது.

1. எழுத்ததிகாரம்

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் புறப்பட்டது. நீல் பாப்வொர்த் என்ற 22 வயதுப் பொறியாளர் கணினியில் அடித்து அனுப்பினார். அது கிறிஸ்துமஸ் வாழ்த்து. கிறிஸ்துமஸுக்கு இன்னும் 22 நாள் இருந்தது. பெற்றவரின் கருவியில் திரும்ப எழுத வசதி இல்லாததால் பதில் போகவில்லை. ஆக, முந்திக்கொண்டு வாழ்த்துவது, பதில் போடாமல் இருப்பது என்ற இரண்டு குணங்களும் இந்த ஊடகத்துக்குப் பிறவியிலேயே வந்தவை. இடையில் யாரும் கெடுக்கவில்லை.

முந்திக்கொள்ளும் குணம் நம்மூரில் வேரூன்றியதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. ரேட் கட்டர் என்னும் கட்டணச் சலுகை போட்டுச் செய்தி அனுப்பிய காலத்தில் பொங்கல், தீபாவளி, புத்தாண்டு நாள்களில் அந்தச் சலுகை செல்லாது. அதனால் சிக்கனமானவர்கள் முதல் நாள் இரவே அனுப்பிவிடுவார்கள். சலுகை முறை மறைந்தது. முதல் நாள் வாழ்த்து மறையவில்லை. மரபுகள் இப்படித்தான் உண்டாகின்றன.

ஒரு செய்திக்கு 160 எழுத்து என்ற அளவை வகுத்தவர் ஜெர்மனியின் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லேபிராண்ட். 1985இல் தட்டச்சுப் பொறியில் வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்து, இவ்வளவு போதும் என்று முடிவு செய்தார். தமிழில் அடித்தால் அந்த 160 சுருங்கி 70 ஆகிவிடும். யூனிகோடு எழுத்துக்கு இடம் அதிகம் என்பது காரணம். இதிலும் ஒரு கொடுமை உண்டு. ‘க’ என்ற ஒரு மாத்திரை எழுத்துக்கு ஓர் இடம். ‘க்’ என்ற அரை மாத்திரை எழுத்துக்கு இரண்டு இடம், புள்ளிக்குத் தனிக் கணக்கு என்பதால். ‘வணக்கம்’ சொல்ல ஐந்தெழுத்து போதும் என்று நாம் நினைத்திருக்க, கருவி ஏழு என்று எழுதிக்கொண்டது.

*புள்ளிக்கும் கூலி கொடுப்பான் தமிழன்.*

என்பது முதல் நூற்பா. இதன் பொருள்: பாதி ஒலிக்கு இரட்டைக் கூலி கொடுக்க மனமில்லாதவர்கள் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கத் தொடங்கினார்கள் என்பது. மொழிப் பற்றில்லை என்று அவர்களைத் திட்டியது தவறு. அவர்கள் கணக்குப் பார்த்தவர்கள். ஆனால் இன்று வாட்ஸ்அப்பில் யாரும் எழுத்தை எண்ணிக் கூலி வாங்குவதில்லை. இன்னமும் ‘மாமா வரார்’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, வரப்போவது மாமாவா அம்மாவா என்று வீட்டையே யோசிக்க வைப்பவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

அடுத்து, எழுத்தல்லாத எழுத்துகள். இவற்றுள் தலையாயது கட்டைவிரல். அறுபது வயதுக்கு மேற்பட்டவர் இடும் கட்டைவிரல் முழுச் சம்மதம், வாழ்த்து, ஆசி மூன்றையும் குறிக்கும். அதே விரலை இருபது வயதுக்காரர் இட்டால் ‘பேச்சை முடி’ என்று பொருள். சென்னையில் வேலை பார்க்கும் மகள் தன் சம்பள உயர்வை விரிவாக எழுத, பாகூரில் அப்பா நெகிழ்ந்துபோய் ஒரு கட்டைவிரல் இட, மகள் அன்று முழுதும் பேசாமல் இருந்ததற்கு இந்தத் தலைமுறை வேற்றுமையே காரணம். கட்டைவிரலுக்கு அகரமுதலி உருவாக்கும்வரை பெரியவர்கள் அதோடு ‘சந்தோஷம்மா’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பு.

2. சொல்லதிகாரம்

*விளியில்லாச் செய்தி பெரியோர்க்கு ஆகாது.*

மாமா, சித்தி, அண்ணே, வாத்தியாரே என ஏதேனும் ஒன்று தொடக்கத்தில் இருக்க வேண்டும். ‘பம்ப்செட் சாவி எங்க?’ என்று நேராகத் தொடங்கும் செய்தி, உள்ளடக்கம் எவ்வளவு அவசரமாக இருந்தாலும், வளர்ப்பைப் பற்றிய செய்தியாகவே படிக்கப்படும். மரியாதைப் பன்மை வயதைப் பார்த்து வருவதன்று. முறையைப் பார்த்து வருவது. தன்னைவிட நாலு வயது இளைய மாமாவுக்கு, கபடி ஆட்டத்தில் ‘டேய்’ என்று கூப்பிட்டாலும், செய்தியில் ‘வாங்க மாமா’ என்றே எழுத வேண்டும். நேரில் சொன்ன ‘டேய்’ காற்றோடு போய்விடும். எழுதிய ‘டேய்’ அத்தையின் கையில் கிடைக்கும்.

மறுமொழிச் சொற்களுக்கு ஒரு படிவரிசை இருக்கிறது. ‘சரிங்க மாமா’, ‘சரி மாமா’, ‘சரி’, ‘ம்’, ‘கே’ என்று அது இறங்கும். ஒவ்வொரு படியிலும் உறவு கொஞ்சம் தேய்கிறது. ‘ம்’ என்பது கணவன் மனைவிக்கு மட்டும் உரியது; அங்கே அதற்குச் சம்மதம், கோபம், தூக்கம் என முப்பொருள் உண்டு, எது என்பது இடம் நோக்கி உணரப்படும். ‘கே’ யாருக்கும் உரியதன்று.

*ஒற்றை எழுத்தால் விடுவோர் சுற்றம் ஆகார்.*

வாய்ஸ் எனப்படும் குரல்செய்தி வாட்ஸ்அப்பில் 2013இல் வந்தது. இதை இழிவாகப் பேசுவோரை இவ்வாய்வு கண்டிக்கிறது. எழுதப் படிக்க வாய்க்காத கிழவிகள் பலர் முதன்முறையாக யாரையும் கெஞ்சாமல் பாரீஸில் இருக்கும் பேரனுக்குத் தாமே செய்தி அனுப்பியது வாய்ஸ் வந்த பிறகுதான். அதுவரை அடுத்த வீட்டுப் பையன் எழுதித் தந்தான்; எழுதியதோடு நில்லாமல் உள்ளே இருந்த வீட்டு விவகாரத்தையும் தெருவுக்குச் சொன்னான். ஒரு கட்டுப்பாடு மட்டும் வேண்டும். சேவல் கூவி, மிக்சி ஓடி நின்று, பால்காரர் வந்துபோகும் அளவுக்கு நீளும் வாய்ஸ், வாய்ஸ் அன்று. அதற்குப் போன் பேச்சு என்று பெயர். கேட்பவரும் டவுன் பஸ்ஸில் ஒலிபெருக்கியில் போடக் கூடாது. போட்டால், சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று கண்டக்டர் தீர்ப்புச் சொல்வதைத் தடுக்க முடியாது.

காலை வணக்கம் தனி இயலுக்கு உரியது. இடம் கருதிச் சுருக்கப்படுகிறது. பாகூரில் விடியற்காலை 5.30க்குக் கிளம்பும் பூங்கொத்தும் பொன்மொழியும் குளிர்காலத்தில் பிரான்ஸில் இருக்கும் தம்பிக்கு நள்ளிரவு 1 மணிக்குப் போய்ச் சேரும். தம்பி பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியது இதற்காக அன்று. புதுச்சேரிக் குடும்பங்கள் நாலரை மணி நேர வித்தியாசத்தை இனியாவது மனப்பாடம் செய்ய வேண்டும், கோடையில் மூன்றரை.

3. பொருளதிகாரம்: அகம்

தலைவி தூது விடும் இலக்கியம் நம்மிடம் ஏராளம். அன்னம், மயில், கிளி, மேகம், தென்றல், நெஞ்சு என்று தூதுப் பொருள்கள் பத்தை இலக்கணம் வகுத்திருக்கிறது. ஆய்வாளர் கவனிக்க வேண்டியது, இப்பத்தில் ஒன்றுகூடச் செய்தி சேர்ந்ததற்கு டிக் போட்டதில்லை. அதனால்தான் புலவர்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள்: போன தூது தலைவனிடம் மாலை வாங்கி வர வேண்டும். மாலைதான் அக்காலத்து நீல டிக்.

செய்தி படிக்கப்பட்டதைக் காட்டும் நீல டிக்கை வாட்ஸ்அப் 2014 நவம்பரில் கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பவே, வேண்டாதவர் அதை அணைத்து வைக்கும் வழியும் உடனே வந்தது. மாலைக்கும் டிக்குக்கும் உள்ள வேறுபாட்டில்தான் இன்றைய காதலின் துயரம் முழுதும் அடங்கியிருக்கிறது. மாலை, தலைவன் மனம் வைத்துக் கொடுப்பது. டிக், அவன் மனம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் கருவி தானே கொடுப்பது. ரசீது வந்துவிட்டது; சரக்கு வரவில்லை. ‘பார்த்தாச்சு, பதில் இல்லை’ என்ற நிலைக்குப் பழைய இலக்கணத்தில் துறையே கிடையாது.

*நீலம் படிந்தபின் நெடுநேரம் வாளா இரற்க.*

இதற்கு எவ்வளவு நேரம் என்று கேட்பர். நடவுக் காலத்தில் பொழுது சாயும்வரை. மற்ற காலத்தில் ஒரு டீ குடிக்கும் நேரம். உடனே பதில் சொல்ல முடியாவிட்டால் ‘பார்த்தேன், அப்புறம் சொல்றேன்’ என்று மூன்று சொல் போதும்.

இந்நூற்பாவுக்குப் பாகூரே சான்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டன. பாகூர்ச் செப்பேடுகள் இதை வடமொழியிலும் தமிழிலும் சொல்கின்றன. பல்லவர் செப்பேடுகளில் வழக்கமாக ஒரு நடைமுறை சொல்லப்படும். அரசனின் திருமுகம் என்னும் ஆணை ஓலை வந்ததும் நாட்டார் அதைக் கண்டு, தொழுது, தலைமேல் வைத்துக்கொண்டு, பிறகு எல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, ஆவணம் செய்து அனுப்புவார்கள். இன்றைய சொல்லில்: பார்த்தார்கள், கூப்பிய கை இட்டார்கள், சொன்ன காரியத்தை முடித்தார்கள், முடித்ததற்குப் பதிலும் அனுப்பினார்கள். நாம் இதில் கூப்பிய கையோடு நின்றுவிட்டோம். கல்லும் நடுவதில்லை, கள்ளியும் நடுவதில்லை.

4. பொருளதிகாரம்: புறம்

புறத்திணையின் நிலைக்களம் குரூப். கொம்யூன்களில் குரூப்புக்கு நகரத்தைவிட மதிப்பு அதிகம். அதற்கு அரசியல் காரணம் இருக்கிறது. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் ஒருமுறை நடந்தது. அடுத்து 2006இல் நடந்தது. அந்தக் கவுன்சிலர்களின் ஐந்தாண்டு முடிந்தபின் தெருவிளக்கு எரியவில்லை என்று போய்ச் சொல்ல ஊருக்குள் ஒருவர் இல்லை. எனவே மக்கள் அணைந்த விளக்கைப் படம் எடுத்துக் குரூப்பில் போடுகிறார்கள். இருட்டில் எடுத்த படம் ஆகையால் அதில் ஒன்றும் தெரிவதில்லை. அதுவே புகாருக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

குரூப் ஒழுக்கம் புதுச்சேரியில் அரசியல் சாசனச் சிக்கலாகவே வெடித்த வரலாறும் உண்டு. துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி அதிகாரிகளை வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்து நிர்வாகம் நடத்திவந்தார். அந்தக் குரூப்பில் ஆபாசக் காட்சி ஒன்றைப் போட்டதாக ஓர் அதிகாரி இடைநீக்கம் செய்யப்பட்டார். 2017 ஜனவரி தொடக்கத்தில் முதலமைச்சர் நாராயணசாமி அரசுப் பணிக்குச் சமூக ஊடகங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டார். இவற்றின் சர்வர்கள் வெளிநாட்டில் இருக்கின்றன என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. சில நாளிலேயே ஆளுநர் அந்த உத்தரவை ரத்து செய்தார். குரூப்பில் இருக்கலாமா கூடாதா என்று ஒரு யூனியன் பிரதேச நிர்வாகமே திகைத்து நின்றபோது, பாகூர் ஏரிப் பாசனக்காரர்கள் எந்த உத்தரவும் இல்லாமல் தங்கள் குரூப்பில் மதகு திறக்கும் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

குரூப்பில் முடிவெடுக்கும் முறைக்குக் கீழூரே வழிகாட்டி. 1954 அக்டோபர் 18 அன்று அங்கே கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேர். இந்தியாவோடு இணைய 170 வாக்கு, எதிராக 8. ஒரு பிரதேசத்தின் தலைவிதி ஒரே நாளில் முடிவானது; எதிர்த்த எட்டும் எண்ணப்பட்டு வரலாற்றில் நிற்கிறது. இன்று கோயில் திருவிழாவுக்கு எந்த ஆர்க்கெஸ்ட்ரா என்று குரூப்பில் வாக்கெடுத்தால், எதிர்த்த எட்டுப் பேரும் வெளியேறிவிடுகிறார்கள். முன்பெல்லாம் ‘வெளியேறினார்’ என்று குரூப் முழுக்கத் தெரியும்; 2022இல் அட்மினுக்கு மட்டும் அறிவிப்பு போகும்படி ஓசையில்லா வெளியேற்றம் வந்தது. ஊர்க்காரர்கள் அதை விரும்பவில்லை. நாலு பேருக்குத் தெரியாமல் கோபித்துக்கொள்வதில் என்ன பயன்?

நீக்கிய செய்தி பற்றியும் ஒரு சொல். அனுப்பியதை எல்லாருக்கும் அழிக்கும் வசதி 2017இல் வந்தபோது ஏழு நிமிடம் அவகாசம் தரப்பட்டது. பிறகு இரண்டு நாளுக்கு மேலாக நீட்டப்பட்டது. ஊர்க் குரூப்பில் ஏழு நொடியே அதிகம். *அழித்ததே ஊரில் அதிகம் படிக்கப்படும்* என்பது நூற்பா. ஸ்கிரீன்ஷாட் எடுப்போர் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. பெரிய மனிதர்கள் தனியாகப் பேசியதையெல்லாம் 1736 முதல் நாட்குறிப்பில் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை இதே புதுச்சேரிக்காரர்தான். ஒரு வேறுபாடு: அவர் எழுதி வீட்டில் வைத்துக்கொண்டார், சம்பந்தி குரூப்பில் போடவில்லை.

எழுத்துக்குப் போலீஸ் வரும் என்ற அச்சமும் இங்கே வெறும் கதை அன்று. 2012இல் புதுச்சேரித் தொழில்முனைவோர் ஒருவர் ட்விட்டரில் எழுதிய சில வரிகளுக்காகத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவில் கைதானார். அப்பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று செல்லாதென்று தள்ளியது. பிறர் போட்ட பதிவுக்கு அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொன்னது. சட்டம் அட்மினை விட்டுவிட்டது. ஊர் விடாது, அட்மினின் அம்மாவிடம் போய்ச் சொல்லும்.

இனி ஃபார்வேர்ட். ‘பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும், அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும்’ என்ற வகைக்கு முன்னோடி கல்வெட்டுகளே. இந்தத் தர்மத்தைக் காத்தவர் பாதம் என் தலைமேல் என்றும், கெடுத்தவர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவார் என்றும் அவை முடியும். ஆனால் கல்லில் வெட்டியவருக்குப் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, கொடுத்த நிலம் இருந்தது. ஃபார்வேர்டுக்கு மேலே இரட்டை அம்புக்குறி மட்டும் இருக்கிறது.

இந்த இடத்தில் விளையாட்டை நிறுத்த வேண்டியிருக்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கும்பிட உறவினரோடு சென்னையிலிருந்து வந்த 65 வயதுப் பெண், வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். குழந்தை கடத்தும் கும்பல் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த வதந்தியை நம்பியவர்கள் அவரை அடித்தே கொன்றார்கள். அவ்வாண்டு நாடெங்கும் இத்தகைய கொலைகள் நடந்த பின்னரே, ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் ஃபார்வேர்ட் செய்ய முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. அந்த வதந்தியை அனுப்பியவர்கள் எல்லாரும் ‘எனக்கு வந்தது, அனுப்பினேன்’ என்றே சொல்லியிருப்பார்கள்.

*அனுப்பினோனும் ஆக்கியோனே.*

இந்த நூற்பாவுக்கு உரை தேவையில்லை.

5. சாவுச் செய்தி இயல்

போன் இல்லாத காலத்தில் சாவு சொல்ல ஆள் போகும். அந்த ஆள் காலனியிலிருந்துதான் போக வேண்டும் என்பது ஊர் வழக்கம். மழையோ வெயிலோ, ஊர் ஊராக நடந்து, வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு, கொடுத்த நெல்லை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். சாதி சொல்லி ஒருவர் தலையில் கட்டிய அந்த வேலையைக் கைப்பேசி தொலைத்துக் கட்டியது. அது செய்த வேறு எல்லாக் கேடுகளையும் இந்த ஒரு புண்ணியத்துக்காகப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது ஆய்வாளரின் உறுதியான கருத்து.

சாவுச் செய்திக்கு வேண்டிய உறுப்புகள் நான்கு: யார், எந்த ஊர், யாருக்கு என்ன முறை, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். ‘பெரியப்பா போயிட்டார்’ என்று மட்டும் எழுதினால், எங்கே போனார் என்று கேட்கும் வெகுளிகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அதற்கு யாரும் கட்டைவிரல் இடக் கூடாது. செய்தி கிடைத்தது என்ற பொருளில் பெரியவர்கள் இடுவதை ஊர் மன்னித்துவிடும், மற்றவர்க்கு மன்னிப்பில்லை.

அழைப்புக்கும் இதே அளவுகோல். ‘நேரில் வந்து அழைத்ததாக ஏற்று வரவும்’ என்று எழுதி அனுப்பும் பத்திரிகை நண்பர்களுக்குச் செல்லும். மாமனுக்கும் பங்காளிக்கும் செல்லாது. அங்கே தட்டும் வெற்றிலை பாக்கும் போக வேண்டும்.

முடிவும் பரிந்துரையும்

மூன்று அதிகாரத்தையும் பிழிந்தால் கிடைக்கும் சட்டம் ஒன்றே: எதனால் வந்ததோ அதனால் திருப்பிச் செய். விரலால் வந்த வாழ்த்துக்கு விரலால் பதில். குரலால் வந்ததற்குக் குரல். உன் வீட்டுச் சாவுக்குக் காலால் நடந்து வந்தவர் வீட்டுக்குக் காலால்தான் போக வேண்டும். அங்கே ‘ஆழ்ந்த இரங்கல்’ என்ற படத்தை அனுப்புவது குறைமொய். கோடித் துணியை ஃபார்வேர்ட் செய்ய முடியாது.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். இக்கட்டுரையைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் ஒரு நன்மையும் நடக்காது. அனுப்பாவிட்டால் ஒரு கெடுதலும் வராது. படித்ததற்கு ஒரு கூப்பிய கை இட்டால் போதும். காரியம் என்றால் மட்டும் தயவுசெய்து நேரில் வந்துவிடுங்கள்.